பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: ரவுட்டர் விழுந்தால் குற்றவாளி யார்?

"ரவுட்டரை அணைத்து, முப்பது வினாடி பொறுத்து, மறுபடியும் போடுங்கள்." கொழும்பில் இணைய இணைப்பு வைத்திருக்கும் எவரும் இந்த வாசகத்தைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது. முறைப்பாட்டு இலக்கத்துக்கு அழைப்பெடுத்து, கால்மணி நேரம் இசை கேட்டுக் காத்திருந்த பின்னர் கிடைக்கும் அருள்வாக்கு இதுதான். அணைத்துப் போட்டால் வேலை செய்கிறது என்பது உண்மையே. மயங்கி விழுந்தவரின் முகத்தில் தண்ணீர் தெளித்தால் அவரும் எழுந்து உட்காருவார். அதை வைத்தியம் என்று எவரும் சொல்வதில்லை. அதற்குக் கட்டணமும் அறவிடுவதில்லை.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். வீட்டிலுள்ள ஒரு மடிக்கணினி, தன் வயர்லெஸ் அட்டையால் ஒரு ரவுட்டரை முடக்கிப்போடுமானால், அந்த அட்டையில் கோளாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், முடங்கிப்போனது அந்த ரவுட்டரின் குறைபாடு. அந்த ரவுட்டரை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்து, அதற்குள் எவரும் கைவைக்க முடியாதபடி பூட்டித் திறப்பைத் தன்னிடம் வைத்திருக்கும் நிறுவனமே அதற்குப் பதில் சொல்லவேண்டும். மாதம் தவறாமல் பணம் கட்டும் பாவனையாளன் அல்ல.

தெமட்டகொடையில் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நிறுவனங்களின் பெயர்களை எழுதப்போவதில்லை. ஒரு நிறுவனத்தோடு எனக்குள்ள வழக்கல்ல இது; எல்லோரிடமும் இருக்கும் ஒரு பழக்கத்தைப் பற்றிய வழக்கு.

புதிதாக வாங்கிய மடிக்கணினியை வயர்லெஸ் மூலம் இணைத்தால், சிலவேளை பத்து நிமிடத்தில், சிலவேளை ஒரு மணி நேரத்தில், வீட்டு இணையம் முழுவதும் நின்றுவிடும். அந்தக் கணினியில் மட்டுமல்ல, கைத்தொலைபேசிகளிலும் தொலைக்காட்சியிலும் நின்றுவிடும். ரவுட்டரின் விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். ஆனால் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறக்கமுடியாது. கம்பியால் இணைத்த பழைய மேசைக் கணினியிலிருந்தும் திறக்கமுடியாது. மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி கொடுத்தால்தான் உயிர் வரும்.

இணைய நிறுவனத்தினர் சொன்னார்கள்: "லைன் சரியாக இருக்கிறது, உங்கள் லப்டொப்பில்தான் பிழை." மடிக்கணினி விற்ற பம்பலப்பிட்டிக் கடையில் இருந்த இளைஞர் சொன்னார்: "அங்கிள், எங்கட மெஷினில ஒரு பிழையும் இல்ல, ரவுட்டர மாத்துங்கோ." ரவுட்டரை மாற்றுங்கள் என்று நிறுவனத்திடம் கேட்டால், அது பழுதாகவில்லையே, அணைத்துப் போட்டால் வேலை செய்கிறதே என்றார்கள். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்பது பழமொழி. இங்கே ஆடுபவர்கள் இருவர். இருவருமே மேடையைக் குற்றம் சொல்கிறார்கள். மேடையாக நிற்பவனோ பணம் கொடுத்தவன்.

அடுத்து வந்தவை இரண்டு உபகாரணங்கள். முதலாவது, அயல் வீடுகளின் வயர்லெஸ் நெரிசல். தெமட்டகொடையின் தொடர்மாடிகளுக்கு நடுவே வசிப்பவனுக்கு இது நம்பக்கூடிய கதைதான். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத வழிகள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. ஒரு மாடியில் இருபது வீடுகள் அந்த மூன்றுக்காக இடிபடுகின்றன. ஆனால் நெரிசல் இணையத்தை மெதுவாக்கும், இடையிடையே அறுக்கும். கம்பியால் இணைத்த கணினியைக்கூட உள்ளே விடாத அளவுக்கு ரவுட்டரைப் பிணமாக்காது. இரண்டாவது, மின்சாரத் தளம்பல். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளுக்குப் பின்னர் இந்த நாட்டில் எந்தச் சாதனம் பழுதடைந்தாலும் மின்சாரத்தைக் காரணம் காட்டலாம். வலுவிழந்த மின்மாற்றிச் செருகியும் ரவுட்டரை விழுத்தக்கூடியதுதான். ஆகவே அதே அளவுடைய புதிய செருகியை வாங்கி மாட்டினேன். ரவுட்டர் விழுந்தது.

பத்திரிகைத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இருவர் இருவிதமாகச் சொன்னால் இருவரையும் நம்பாதே, நேரில் போய்ப் பார் என்பார்கள். ஒரு கொப்பியை எடுத்து நாளும் நேரமும் குறித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இதே தொல்லையில் இருப்போருக்குப் பயன்படும் என்பதால் விபரமாகவே எழுதுகிறேன்.

முதல் வாரம் மடிக்கணினியின் வயர்லெஸ்ஸை முற்றாக நிறுத்திவைத்தேன். தொலைபேசிகள், தொலைக்காட்சி எல்லாம் வழமைபோல இயங்கின. ரவுட்டர் ஒருமுறையும் விழவில்லை. அடுத்து மடிக்கணினியைக் கம்பியால் இணைத்தேன், விழவில்லை. மூன்றாவதாக, கட்டைவிரல் அளவான ஒரு யூ.எஸ்.பி. வயர்லெஸ் செருகியை வாங்கி, கணினியின் உள் அட்டையை நிறுத்திவிட்டு அதனால் இணைத்தேன், அப்போதும் விழவில்லை. அதாவது விண்டோஸிலும் பிழையில்லை, நான் திறக்கும் இணையத்தளங்களிலும் பிழையில்லை. அந்த உள் அட்டையும் அந்த ரவுட்டரும் பேசிக்கொள்ளும் விதத்தில்தான் ஏதோ இருக்கிறது.

நான்காவதாக மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் அதே நிறுவனம் கொடுத்த அதே மாதிரி ரவுட்டர். நாற்பது நிமிடத்தில் விழுந்தது. வெள்ளவத்தையில் நண்பர் ஒருவர் தம் செலவில் சந்தையில் வாங்கி மாட்டிய வேறு ரவுட்டர். காலையிலிருந்து மாலைவரை அசையவில்லை. ஐந்தாவதாக, டிவைஸ் மனேஜரில் அந்த அட்டையின் மின்சேமிப்பு வசதியை நிறுத்தினேன். ஏறத்தாழ மூன்று வாரங்கள் என் வீட்டு ரவுட்டர் விழவேயில்லை. சோதனைக்காக மறுபடி மின்சேமிப்பைப் போட்டேன். அன்றிரவே விழுந்தது.

மின்சேமிப்புக்கும் ரவுட்டருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மடிக்கணினியின் வயர்லெஸ் அட்டை மின்கலத்தை மிச்சப்படுத்த இடையிடையே கண்ணயரும். கண்ணயருமுன் ரவுட்டருக்கு ஒரு குறிப்பு அனுப்பும்: "நான் தூங்கப்போகிறேன், எனக்கு வரும் பொதிகளை வைத்திரு." ரவுட்டர் அவற்றைத் தன் நினைவகத்தில் அடுக்கிவைக்கும். ரவுட்டர்கள் வழக்கமாக வினாடிக்குப் பத்துத் தடவை தம் இருப்பை அறிவிக்கும் சமிக்ஞை ஒன்றை அனுப்புகின்றன. யார் யாருக்குப் பொதி காத்திருக்கிறது என்ற விபரமும் அதில் இருக்கும். அட்டை விழித்துப் பார்த்துத் தன் பொதிகளைப் பெற்றுக்கொண்டு மறுபடி தூங்கும். இது நேற்று முளைத்த புதுமையல்ல; வயர்லெஸ் தரத்தின் ஆரம்பகாலப் பகுதிகளில் ஒன்று. எல்லா ரவுட்டர்களும் இதைச் சரிவரச் செய்வதில்லை என்பதும் பழைய செய்தி. மின்சேமிப்பு முறை சில ரவுட்டர்களோடு ஒத்துப்போவதில்லை என்றும், அப்படியானால் அட்டையை எப்போதும் விழித்திருக்கும் நிலைக்கு மாற்றுங்கள் என்றும் இன்டெல் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருந்தது.

என் வீட்டில் நடந்ததும் அதுவே என்பது என் முடிவு. இதை ஐயத்துக்கிடமின்றி நிறுவ ஓர் எளிய வழி உண்டு. ரவுட்டர் தன் நிகழ்வுகளைத் தானே குறித்துவைக்கும் பதிவேட்டைப் பார்த்தால் போதும். அந்தப் பதிவேடு எனக்குத் தெரியாத ஒரு கடவுச்சொல்லின் பின்னால் இருக்கிறது. தொலைவிலிருந்தே வாடிக்கையாளரின் ரவுட்டரைப் பார்க்கவும், அதன் உள்மென்பொருளைப் புதுப்பிக்கவும் இணைய நிறுவனங்களுக்கு உதவும் டிஆர்-069 என்ற பொதுத்தரம் 2004இலேயே வெளியாகிவிட்டது. தொழில்நுட்பம் இல்லாமலில்லை. பார்க்கவேண்டும் என்ற எண்ணம்தான் இல்லை.

இப்படிப் பார்க்க முன்வந்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தை உதாரணம் காட்டலாம். 2007 ஜூன் 29இல் அப்பிள் நிறுவனத்தின் முதலாவது ஐபோன் விற்பனைக்கு வந்தது. ஜூலை நடுப்பகுதியில் டியூக்கின் வயர்லெஸ் நிலையங்கள் கூட்டங்கூட்டமாக விழத் தொடங்கின. வினாடிக்கு 18,000 வரையான முகவரி விசாரணைகள் அவற்றின் மேல் கொட்டின. அவை வந்த இடத்தைத் தேடியபோது ஐபோன்கள் அகப்பட்டன. உலகப் பத்திரிகைகள் ஐபோனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றின. புதிய சாதனம், புகழ்பெற்ற பெயர், கையும் மெய்யுமாகப் பிடிபட்டது. வேறென்ன சாட்சி வேண்டும்?

ஆனால் டியூக்கின் பொறியியலாளர்கள் அத்தோடு நிற்கவில்லை. அப்பிளையும், வலையமைப்புச் சாதனங்களை வழங்கிய சிஸ்கோவையும் ஒரே மேசைக்கு அழைத்தார்கள். ஜூலை 20 அளவில் டியூக் அறிவித்தது: கோளாறு சிஸ்கோவின் சாதனங்களைக் கொண்ட வலையமைப்பில் இருந்தது, சிஸ்கோ தந்த திருத்தம் போடப்பட்டபின் அது திரும்ப நிகழவில்லை. ஜூலை 24இல் சிஸ்கோ பகிரங்கப் பாதுகாப்பு அறிவித்தல் ஒன்றையும் வெளியிட்டது. ஒரு சாதனம் அனுப்பிய சாதாரண விசாரணையை, வலையமைப்பின் கட்டுப்பாட்டுக் கருவிகள் தங்களுக்குள் எதிரொலித்துப் பெருக்கிப் புயலாக்கியிருந்தன. ஐபோன் தொடக்கிவைத்தது உண்மை, விழுத்தியது அதுவல்ல. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஏறத்தாழ ஒரு கிழமைக்குள் உண்மை வெளிவந்ததற்குக் காரணம், பழியோடு திருப்தியடையாத ஒரு வாடிக்கையாளர் அங்கே இருந்தமை. அந்த வாடிக்கையாளர் ஒரு பெரிய பல்கலைக்கழகம் என்பதையும் மறக்கக்கூடாது. தெமட்டகொடைவாசி ஒருவன் கேட்டிருந்தால் "அணைத்துப் போடுங்கள்" என்றே சொல்லியிருப்பார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2018 ஜனவரியில் உலகெங்கும் வீட்டு ரவுட்டர்கள் விழுந்தன. அந்தத் தடவை பிழை கூகிளின் பக்கத்தில் இருந்தது. கூகிள் ஹோம், குரோம்காஸ்ட் போன்றவற்றுக்கான மென்பொருள், வீட்டிலுள்ள மற்றச் சாதனங்களைத் தேடி வழக்கமாக 20 வினாடிக்கு ஒருமுறை சிறு பொதியொன்றை அனுப்பும். சாதனம் உறக்கத்திலிருந்து விழித்தபோது, உறங்கிய நேரத்துப் பொதிகளையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. சில சந்தர்ப்பங்களில் அவை ஒரு இலட்சத்தையும் தாண்டின. இதை விளக்கி எழுதியவர்கள் ரவுட்டர் தயாரிப்பாளரான டிபி-லிங்க் நிறுவனத்தினர். அவர்கள் விளக்கியதோடு நிற்காமல், தங்கள் ரவுட்டர்கள் அந்த வெள்ளத்தைத் தாங்கும்படி திருத்தமும் வெளியிட்டார்கள். கூகிளும் அதே மாதத்தில் தன் பக்கத்தைத் திருத்தியது. பிழை மற்றவருடையதென்று தெரிந்தபோதும் தன் ரவுட்டர் விழக்கூடாது என்று ஒரு தயாரிப்பாளர் நினைத்தார். நான் கேட்பது அந்த நினைப்பைத்தான்.

ஏனென்றால் ரவுட்டர் என்பது வீட்டின் வாசற்கதவு. நல்லவரும் தட்டுவார், தெரியாதவரும் தட்டுவார், குடிகாரரும் தட்டுவார். தட்டுகிறவர் சரியாகத் தட்டவில்லை என்பதற்காகக் கதவு நிலையோடு பெயர்ந்து விழுமானால் தச்சனைத்தான் கூப்பிடவேண்டும். அதோடு, ஒரு அப்பாவிக் கணினி தற்செயலாகச் செய்வதைத் தாங்காத ரவுட்டர், வேண்டுமென்றே அதைச் செய்யும் விஷமியின் முன் எப்படி நிற்கும்? தானாக விழுகின்ற சாதனம், விழுத்தப்படவும் கூடிய சாதனம். இது வசதியீனம் மட்டுமல்ல, பாதுகாப்புக் குறைபாடும்கூட. டியூக்கில் நடந்ததைச் சிஸ்கோ பாதுகாப்பு அறிவித்தலாகவே வெளியிட்டதன் காரணமும் இதுதான்.

"மலிவுச் சாமானில் இவ்வளவு எதிர்பார்க்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. என் நண்பர்களிலும் சிலர் கேட்டார்கள். மலிவாக வாங்கியவன் நானல்ல. எனக்குத் தெரிவு தரப்படவில்லை. இணைப்போடு ஒட்டி வந்தது அது. மொத்தமாக மலிவுக்கு வாங்கி, அதன் உள்மென்பொருளை வந்த நாளிலிருந்து புதுப்பிக்காமல், வேறு ரவுட்டர் போட்டால் எங்களால் உதவ முடியாது என்று கையை விரிப்பவர்கள் மிச்சம்பிடித்த பணத்தின் நட்டத்தை நான் ஏன் சுமக்கவேண்டும்? பத்திரிகையில் ஒரு செய்தி தலைகீழாக அச்சாகிவிட்டால் நாங்கள் திருத்தம் போடுகிறோம். உங்கள் மூக்குக்கண்ணாடியை மாற்றுங்கள் என்று வாசகருக்கு எழுதுவதில்லை.

இதனால் யாருக்கு என்ன நட்டம்? ஒரு கட்டுரை நேரத்துக்குப் போகவில்லை என்றால் ஆசிரியரிடம் ஏச்சு வாங்கலாம், அதோடு முடிந்துவிடும். ஆனால் வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையின் மாடிகளிலும் தனித்திருக்கும் முதிய தாய் தந்தையரை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் ரொறன்ரோவில், லண்டனில், சிட்னியில். பேரப்பிள்ளையின் முகம் தெரிவது அந்தத் திரையில்தான். இரவு எட்டு மணிக்கு அழைப்பு வரும் என்று காத்திருக்கையில் ரவுட்டர் விழுந்தால், மேசைக்கடியில் குனிந்து செருகியைப் பிடுங்கிப் போட எழுபத்தெட்டு வயது அம்மாவால் முடியுமா? மறுமுனையில், அம்மா ஏன் அழைப்பை எடுக்கவில்லை என்று பதறுகின்ற பிள்ளையிடம் எந்த முறைப்பாட்டு இலக்கம் பதில் சொல்லும்? இந்தப் பதிவை வெளிநாடுகளிலிருந்து வாசிக்கும் அன்பர்கள் பலருக்கு இந்தப் பதற்றம் புதிதாக இராது.

அந்த அம்மா முறைப்பாடு செய்யத் துணிந்தாலும் மொழி ஒரு மதில். தமிழுக்கு இந்த இலக்கத்தை அழுத்துங்கள் என்ற குரல் தமிழில் இருக்கும். அழுத்தியபின் தொழில்நுட்பம் தெரிந்தவராக வருபவர் பெரும்பாலும் வேறு மொழிக்காரர். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. மாதப் பட்டியல் தமிழில் பிழையின்றி வருகிறது. பணம் கேட்கத் தெரிந்த தமிழில் பழுதைக் கேட்கவும் தெரிந்திருக்கவேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. விற்ற பொருள் அதன் நோக்கத்துக்குப் பொருத்தமாக இருக்கவேண்டும் என்ற கோட்பாடு 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலிருந்தே இங்கே உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சேவை வழங்குவோரையும் கட்டுப்படுத்துகிறது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு சாதனங்களுக்கு வகை அங்கீகாரம் வழங்குகிறது. ஆனால் அந்த ரவுட்டரை எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பார்கள், விழுந்தால் யார் எழுப்புவார்கள் என்ற கேள்விகளை வீட்டுக்காரன் எங்கே கேட்பது?

மற்ற நாடுகளில் இவை எழுத்தில் இருக்கின்றன. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், இணைய நிறுவனம் தன் ரவுட்டரை வாடிக்கையாளரின் தலையில் கட்டமுடியாது. விரும்பிய ரவுட்டரைப் போட்டுக்கொள்ளலாம். பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தில் இணையும் சாதனத்தை விற்பவர்கள் பாதுகாப்புப் புதுப்பித்தல் எவ்வளவு காலத்துக்குக் கிடைக்கும் என்பதை வெளிப்படையாகக் கூறவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய இணையத் தாங்குதிறன் சட்டத்தின் பிரதான கடமைகள் 2027 டிசம்பரிலிருந்து செல்லுபடியாகும் என வகுக்கப்பட்டுள்ளது. அதன்படி பொதுவாகக் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குச் சாதனங்களைப் பராமரிக்கவேண்டும். கறுவாவையும் தேயிலையையும் அந்த நாடுகளின் தரத்துக்கு அனுப்பத் தெரிந்த நாம், அங்கே விற்கமுடியாத ரவுட்டர்களுக்குச் சேருமிடமாக மாறவேண்டுமா?

ஆகவே கோரிக்கைகள் நான்கு. ஒன்று, ஒரே பழுதுக்கு மூன்றாவது தடவை முறைப்பாடு வந்தால், ரவுட்டரின் பதிவேட்டைப் பார்த்து எழுத்தில் காரணம் தரவேண்டும். தரமுடியாவிட்டால் கட்டணமின்றி வேறு மாதிரி ரவுட்டர் தரவேண்டும். இரண்டு, அந்தப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமை வீட்டுக்காரனுக்கும் வேண்டும். மூன்று, உள்மென்பொருளை எந்தத் திகதிவரை புதுப்பிப்பார்கள் என்பது பெட்டியில் மூன்று மொழிகளிலும் அச்சிடப்படவேண்டும். நான்கு, சொந்த ரவுட்டர் போட விரும்புபவருக்கு அதற்கான இணைப்பு விபரங்களைக் கொடுக்கவேண்டும். இவற்றில் ஒன்றுக்கேனும் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.

அதுவரை அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். மின்சேமிப்பை நிறுத்துங்கள், அட்டையின் இயக்கி மென்பொருளைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதுப்பியுங்கள். உங்கள் அவதி பெரும்பாலும் குறையும். ஆனால் குறைந்துவிட்டதே என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். விழுந்த நாளையும் நேரத்தையும் குறித்துவைத்து, கம்பியில் விழவில்லை, வேறு அட்டையில் விழவில்லை என்ற விபரங்களையும் சேர்த்து, தமிழிலேயே கடிதமாக எழுதி நிறுவனத்துக்கும் ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்ன முறைப்பாடு இசையோடு கரைந்துவிடும். எழுத்தில் கொடுத்ததற்கு யாராவது ஒருவர் கையெழுத்திட்டே ஆகவேண்டும். என் கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். வரும் பதிலை, வந்தால், இங்கேயே எழுதுவேன்.